வாலில் தொடங்குவோம்

இந்த மாதப் பாடத்துக்கு ஒரு விமானத்தின் வாலை எடுத்துக்கொள்வோம். சிரிக்க வேண்டாம். இறக்கை இல்லை, எஞ்சின் இல்லை, விமானி உட்காரும் இடமும் இல்லை. வால் மட்டும்தான். அதை வீட்டிலேயே, கார் நிறுத்தும் இடத்திலோ பின்கட்டுக் கொட்டகையிலோ வைத்துச் செய்கிறவர்கள் உலகில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எப்படிச் செய்கிறார்கள், அதில் நமக்குக் கற்க என்ன இருக்கிறது என்பதுதான் பாடம்.

முதலில் ஓர் ஆளைப் பார்ப்போம்.

2020 ஏப்ரல். நாம் இங்கே நடமாட்டக் கட்டுப்பாட்டில் அடைபட்டு, அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த மாதம். அதே மாதத்தில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் அசோக் தாமராக்ஷன் என்பவர் தம் வீட்டுத் தோட்டத்தில் ஒரு சிறிய கொட்டகை போட்டு, வந்து இறங்கிய பெட்டிகளைத் திறந்தார். கேரளாவின் ஆலப்புழாவைச் சேர்ந்த மலையாளி. தொழிலால் பொறியியலாளர், விமானி உரிமமும் எடுத்திருந்தார். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் ஸ்லிங் நிறுவனத்தின் நான்கு இருக்கை விமானம் ஒன்று, துண்டு துண்டாக அவர் வீட்டுக்கு வந்தது. அவர் முதலில் கை வைத்தது வாலில். கோடைகாலம் முடிவதற்குள் வாலும் இறக்கைகளும் தயார். உடற்பகுதிப் பெட்டிகள் அதன் பிறகுதான் வந்தன. பாகங்கள் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையை உரிப்பது, ஓரங்களில் உள்ள பிசிறு எடுப்பது போன்ற வேலைகளில் அவருடைய பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். 2022இல் விமானம் பறந்தது. குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றி வந்தார். விமானத்துக்கு இளைய மகளின் பெயர்.

இதைச் சொன்னதும் சுங்கை பட்டாணி இளைஞர் வகுப்பில் ஒரு தம்பி கேட்டார்: "அவரு காசுள்ளவரு சார், செஞ்சிட்டாரு. நமக்கு இதெல்லாம் எதுக்கு?" நியாயமான கேள்வி. முழு விமானம் செய்ய ஒரு வீடு வாங்கும் பணத்துக்கு மேலேயே ஆகும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நாம் படிக்கப்போவது விமானம் வாங்குவது எப்படி என்பதை அல்ல. ஒரு வேலையை, யாரும் திறந்து பார்க்காத இடத்திலும் சரியாகச் செய்வது எப்படி என்பதை. அதற்கு விமான வாலைப் போல ஒரு வாத்தியார் கிடைப்பது கடினம்.

விமானம் நமக்கு அந்நியமானதும் அல்ல. சுங்கை பட்டாணியில் போருக்கு முன்பே வானூர்தித் தளம் இருந்தது; 1941 டிசம்பர் 8ஆம் நாள் காலையில் ஜப்பானியர் குண்டு வீசிய இடங்களில் அதுவும் ஒன்று. அலோர் ஸ்டாரில் விமானப்படைக் கல்லூரி இருக்கிறது. லங்காவியில் 1991 முதல் லீமா கண்காட்சி நடக்கிறது. புக்கிட் காயு ஹித்தாமில் போயிங்கும் ஹெக்செல் நிறுவனமும் முன்பு கூட்டாக நடத்திய தொழிற்சாலையில் போயிங் விமானங்களுக்கான கூட்டுப்பொருள் பாகங்கள் செய்யப்படுகின்றன. நம் கெடாவில் செய்த துண்டு உலகம் முழுக்கப் பறக்கிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இப்படிப்பட்ட வேலைகளுக்குத்தான் நாளை மனுப் போடப் போகிறார்கள்.

காண்டா கம்பும் விமான வாலும்

வால் எதற்கு? தாத்தா பாட்டி பால்மரம் வெட்டியவர்கள் என்றால் அவர்களைக் கேளுங்கள், இயற்பியல் ஆசிரியரை விட நன்றாகச் சொல்வார்கள். காண்டா கம்பின் இரு முனையிலும் பால் வாளி. முன் வாளி கொஞ்சம் கனத்துவிட்டால் கம்பு முன்பக்கம் சாயும். அப்போது என்ன செய்வார்கள்? பின்பக்கக் கம்பின் மேல் கையை வைத்து லேசாக அழுத்திக்கொண்டு நடப்பார்கள். தோளிலிருந்து கை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு குறைந்த பலம் போதும்.

விமானத்தில் தோள் என்பது இறக்கை. விமானத்தின் எடை மையம் இறக்கை தூக்கும் புள்ளிக்குச் சற்று முன்னால் இருக்கும்படிதான் வழக்கமான விமானத்தை அமைப்பார்கள். அதனால் மூக்கு எப்போதும் கீழே சாயப் பார்க்கும். வால் அதைக் கீழ்நோக்கி அழுத்திச் சமன் செய்கிறது. ஆமாம், வால் தூக்குவதில்லை, அழுத்துகிறது. நிறையப் பேர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் தள்ளி இருப்பதால் சின்ன வாலே பெரிய உடலை அடக்குகிறது.

வாலில் நான்கு முக்கியப் பாகங்கள். படுக்கையாக இருக்கும் அசையாத பலகையைக் கிடைவால் என்போம். அதன் பின் ஓரத்தில் கீல் போட்டு மேலும் கீழும் ஆடுவது எலிவேட்டர். மூக்கை ஏற்றவும் இறக்கவும் அது. நிமிர்ந்து நிற்பது நிமிர்வால், அதன் பின்னால் இடமும் வலமும் திரும்புவது சுக்கான். படகோட்டிகளுக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை.

ஏன் முதலில் வால்?

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள வான்ஸ் நிறுவனத்தின் கிட் விமானங்கள்தான் உலகில் அதிகம் கட்டப்பட்டவை. பதினோராயிரத்துக்கும் மேல் பறந்துவிட்டன. ஆர்.வி. என்று பெயர். அந்த நிறுவனம் விமானத்தை நான்கைந்து தொகுதிகளாக விற்கிறது. வழக்கமாக முதலில் வாங்கச் சொல்வது வால் தொகுதியை.

இதில் வியாபாரத் தந்திரம் ஒன்றும் பெரிதாக இல்லை. வால் சிறியது, விலை சில ஆயிரம் டாலர்தான், ஒரு மேசை மேல் அடங்கும். ஆனால் இறக்கையிலும் உடலிலும் வரப்போகிற வேலைகளில் பெரும்பாலானவை அதற்குள்ளேயே வந்துவிடுகின்றன. துளை போடுவது, பிசிறு எடுப்பது, குழிப்பது, பூசுவது, ரிவெட் அடிப்பது, வளைப்பது, கீல் பொருத்துவது எல்லாம் உண்டு. ஒரு பலகையைக் கெடுத்துவிட்டாலும் புதிதாக வரவழைக்கலாம். கையைக் கடித்தாலும் ஆளை விழுங்காத செலவு. நூறு, இருநூறு மணி நேரம் வேலை செய்த பிறகு "இது நமக்கு ஒத்துவராது" என்று ஒருவர் நிறுத்தினாலும் நட்டம் சிறிது. அப்படி நிறுத்துகிறவர்கள் உண்டு. பாதி முடிந்த வால் தொகுதிகள் கைமாறி விற்கப்படுவதும் உண்டு. என்னைக் கேட்டால் அதில் வெட்கம் எதுவும் இல்லை. வாலில் நின்றவர் இறக்கை வரைக்கும் போய்க் கடனாளி ஆகவில்லையே!

ஒரு துளையின் கதை

இப்போது பட்டறைக்குள் போவோம். இங்கேதான் பாடம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வாலின் தோல் மெல்லிய அலுமினியத் தகடு. சாதாரண அலுமினியம் அல்ல. நம் வீட்டுக் குண்டானைப் போல மெத்தென்று இருக்காது. 1906இல் ஜெர்மனியின் அல்ஃபிரட் வில்ம் என்பவர், அலுமினியத்தில் சிறிது செம்பு சேர்த்துச் சூடாக்கி, நீரில் குளிரவைத்து, சில நாள் சும்மா விட்டால் தானாகவே இறுகுகிறது என்று கண்டுபிடித்தார். அந்தக் கண்டுபிடிப்பின் வழிவந்ததுதான் 2024 என்ற எண் கொண்ட இன்றைய விமானத் தகடு. நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல் செம்பு. பலம் அதிகம், ஆனால் செம்பு கலந்ததால் அரிப்பும் சீக்கிரம் வரும். அதனால் இரு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிய போர்வையாக ஒட்டியிருப்பார்கள். அந்தப் போர்வையைக் கீறிவிட்டால் அங்கே உப்புக்காற்று உள்ளே நுழைய வழி. அதனால்தான் தகட்டின் மேல் ஒட்டிவரும் பிளாஸ்டிக் உறையை அவசரப்பட்டு உரிக்காமல் வேலைக்குத் தேவையான இடத்தில் மட்டும் உரிக்கிறார்கள் பலர். மேலே பிரைமர் பூசுவதா வேண்டாமா, எந்தப் பிரைமர் என்பதில் கட்டுநர்களுக்குள் முடியாத சண்டை. அதற்குள் நாம் போகவேண்டாம், தேநீர் ஆறிவிடும்.

கிட் தொகுதியில் தகடுகளும் உள்ளே நிற்கும் விலாக்களும் நெடுஞ்சட்டமும் துளையோடே வருகின்றன. விலாவின் துளை மேல் தோலின் துளையை வைத்தால் பொருந்தும். பொருத்தியதும் கழன்றுவிடாமல் பிடிக்க, கிளீகோ என்ற சின்ன ஸ்பிரிங் பிடிப்பான்களைத் துளைக்குள் விடுவார்கள். அளவுக்கு ஒரு நிறம்: 3/32 அங்குலத் துளைக்கு வெள்ளி நிறம், 1/8 அங்குலத்துக்குச் செம்பு நிறம். ஒரு வால் முழுக்கக் கிளீகோ குத்தி நிற்கும்போது முள்ளம்பன்றி மாதிரி இருக்கும். அப்படியே வைத்துத் துளையைச் சரியான அளவுக்கு டிரில் செய்வார்கள். பிறகு மொத்தத்தையும் கழற்றிவிடுவார்கள்!

"என்னது, பூட்டினதைக் கழட்டணுமா?" ஆமாம். ஏனென்றால் டிரில் போன இடமெல்லாம் துளையின் விளிம்பில் பிசிறு நிற்கும். விரல் நகத்தை வைத்துத் தடவினால் தட்டுப்படும். ஒவ்வொரு துளைக்கும் இரண்டு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் பிசிறு. வாலில் மட்டும் இப்படித் துளைகள் ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றையும் கையால் லேசாகச் சுழற்றி எடுக்கவேண்டும். அதிகமாகச் சுழற்றினால் துளையின் ஓரம் மெலிந்துவிடும், அதுவும் தப்பு. தகட்டின் வெட்டு ஓரங்களையும் அரத்தால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும்.

பால் வெட்டு தெரிந்தவர்களுக்கு இந்த "அதிகமும் தப்பு, குறைவும் தப்பு" புதிதல்ல. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் மெல்லிய வளர்படலம் ஒன்று இருக்கிறது. பால்குழாய்கள் அதற்கு அருகில்தான் அடர்த்தி. கத்தி மேலோட்டமாகப் போனால் பால் வராது. ஆழமாகப் போய் மரத்தைத் தொட்டால் காயம். நல்ல வெட்டுக்காரர் ஒரு மில்லிமீட்டர் அளவு பட்டையை விட்டுவைத்து வெட்டுவார். காயப்பட்ட இடம் அன்றைக்குத் தெரியாது. சில ஆண்டு கழித்துப் பட்டை புதிதாக வளரும்போது முடிச்சு முடிச்சாகக் கரடு தட்டும். அந்தப் பக்கம் இனி ஒழுங்காக வெட்ட முடியாது. அதற்குள் வெட்டியவர் வேறு நிரைக்கு மாறியிருப்பார்.

தகட்டில் விடுபட்ட பிசிறும் அப்படித்தான். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. விமானம் பறக்கும்போது வால் ஓயாமல் சின்னச் சின்னதாக அதிர்கிறது, வளைகிறது. பலம் எல்லாம் துளையின் ஓரத்தில் வந்து கூடும். அங்கே ஒரு கீறலோ பிசிறோ இருந்தால், விரிசல் தொடங்க அதுவே வாசல். தொடங்கிய விரிசல் ஒவ்வொரு அதிர்வுக்கும் மயிரிழை மயிரிழையாக நீளும்.

இது ஏட்டுப் பேச்சு இல்லை. வான்ஸ் நிறுவனம் வழக்கமாகத் துளைகளை அச்சால் குத்தித்தான் எடுக்கும். கொரோனா காலத்தில் ஆர்டர் குவிந்தபோது சில பாகங்களை வெளியே கொடுத்து லேசர் கதிரால் வெட்ட வைத்தது. லேசர் வட்டம் சுற்றத் தொடங்கி முடிக்கும் புள்ளியில் விளிம்பில் ஒரு சிறு வடு விழுந்தது. வாங்கியவர்கள் வீட்டில் அந்தத் துளையை ரிவெட் தலைக்காகக் குழித்தபோது, அந்த வடுவிலிருந்து விரிசல் கிளம்பியது. கண்டுபிடித்தவர்கள் தங்கள் கொட்டகையில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த சாதாரணக் கட்டுநர்கள். 2023இல் இந்த விவகாரம் வெடித்தது. ஏராளமான பாகங்களை மாற்றிக் கொடுக்கவேண்டி வந்தது. வேறு நட்டங்களும் சேர, அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனம் நீதிமன்றத்தில் கடன்காப்பு கேட்டு நின்றது. 2024இல் மீண்டு வந்தது. ஐம்பது ஆண்டுப் பெயர் உள்ள நிறுவனத்தை ஆட்டிப் பார்த்தது, துளை ஓரத்தில் இருந்த ஒரு வடு.

உள்ளே இருப்பவரின் சொல்

பிசிறு எடுத்து, குழித்து, பூசி முடித்தபின் மறுபடியும் கிளீகோ குத்தி, இப்போதுதான் ரிவெட். ஆர்.வி. வகையில் பெரும்பாலும் முழு உலோக ரிவெட். ஒரு பக்கம் தலை இருக்கும். மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வாலை அடித்து நசுக்கி இன்னொரு தலை உருவாக்கவேண்டும். ஸ்லிங் போன்ற சில கிட்களில் இழுத்துப் பூட்டும் ரிவெட். வேலை எளிது, ஒருவரே செய்யலாம். முழு ரிவெட்டுக்குப் பல இடங்களில் இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் காற்றுச் சுத்தியலைத் தலையில் வைத்து அடிப்பார். உள்ளே ஒருவர் கனமான இரும்புக் கட்டியை மறுமுனையில் அணைத்துப் பிடிப்பார். அந்தக் கட்டியில் மோதித்தான் மறுதலை உருவாகிறது.

அந்த மறுதலைக்கு அளவு உண்டு. அகலம் ரிவெட் கம்பியின் விட்டத்தில் ஒன்றரை மடங்கு, உயரம் அரை மடங்கு. 1/8 அங்குல ரிவெட் ஏறத்தாழ 3.2 மில்லிமீட்டர், மறுதலை 4.8 மில்லிமீட்டர் அகலமும் 1.6 மில்லிமீட்டர் உயரமும் இருக்கவேண்டும். குறைவாக அடித்தால் பிடிக்காது. அதிகம் அடித்தால் தகடு நசுங்கும். சாய்ந்துவிட்டால் ஒரு பக்கம் மட்டுமே பிடிக்கும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அண்ணன் வெளியே நின்று சுத்தியல் பிடித்திருக்கிறார், தங்கை உள்ளே கையை விட்டுக் கட்டியைப் பிடித்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே எல்லாம் பளபளவென்று இருக்கும். மறுதலை எப்படி வந்திருக்கிறது என்று தங்கைக்கு மட்டும்தான் தெரியும். "இல்லண்ணே, சாஞ்சிடுச்சு" என்று அவள் சொன்னால் சாய்ந்ததுதான். "எனக்கு நல்லாத்தானே தெரியுது" என்று வயதைக் காட்டி வாதாட முடியாது. உள்ளே பார்க்கிறவரின் சொல்தான் அங்கே முடிவு.

சாய்ந்த ரிவெட்டை என்ன செய்வது? உடனே எடுத்துவிடு என்றுதான் யாரும் நினைப்பார்கள். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். ரிவெட்டை எடுக்க அதன் தலையில் டிரில் போடவேண்டும். கை நடுங்கினால் துளை பெரிதாகிவிடும், தகட்டின் ஓரம் பக்கத்தில் இருந்தால் இன்னும் ஆபத்து. சிறு குறையுள்ள ரிவெட்டை விட, அதை எடுக்கப் போய்க் கெடுத்த துளை மோசமானது. அதனால் கட்டுநர்கள் முதலில் அளக்கிறார்கள். ஏற்கத்தக்க எல்லைக்குள் இருந்தால் விட்டுவிடுகிறார்கள், எல்லை தாண்டினால் எடுக்கிறார்கள். எது எல்லை என்று அன்றைய மனநிலை முடிவு செய்வதில்லை. கையேடு முடிவு செய்கிறது. "ரொம்ப அழகா வரணும்" என்று பதறுகிறவரும் "போதும் விடு" என்கிறவரும் இந்த வேலையில் ஒரே அளவு ஆபத்தானவர்கள் என்பது என் எண்ணம்.

ஒரே ஒரு வரிசை

"ஒரு ரிவெட் தப்பாப் போனா என்ன, நூறு இருக்கே" என்று தோன்றும். ஒரு ரிவெட்டுக்காக விமானம் விழாது, உண்மைதான். ஆனால் ஒரு வரிசைக்காக விழுந்திருக்கிறது.

1978 ஜூன் 2ஆம் நாள் ஜப்பான் ஏர்லைன்ஸின் ஒரு போயிங் 747 விமானம் ஒசாகாவில் இறங்கும்போது பின்பகுதி ஓடுபாதையில் உரசியது. வால் பக்கத்தில், பயணிகள் அறையின் காற்றழுத்தத்தைத் தாங்கும் பெரிய குவிந்த தடுப்பு ஒன்று சேதமானது. பழுது பார்த்தார்கள். இரண்டு பாதிகளை இணைக்கும் இடத்தில் ஒரே இணைப்புத் தகடு போட்டு இரண்டு வரிசை ரிவெட் அதன் சுமையைத் தாங்கும்படி செய்திருக்கவேண்டும். அங்கே தகட்டை இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டார்கள். வெளியே பார்த்தால் வரிசைகள் எல்லாம் இருந்தன. சுமையை உண்மையில் தாங்கியது ஒரே வரிசை.

விமானம் ஏழு ஆண்டு பறந்தது. ஆயிரக்கணக்கான பயணங்கள். 1985 ஆகஸ்ட் 12ஆம் நாள் மாலை தோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குக் கிளம்பிய சில நிமிடத்தில் அந்தத் தடுப்பு கிழிந்தது. சீறி வந்த காற்று நிமிர்வாலின் பெரும்பகுதியைப் பிய்த்துக்கொண்டு போனது. விமானத்தைத் திருப்பும் எண்ணெய்க் குழாய்கள் நான்கும் அறுந்தன. வால் இல்லாத விமானத்தை விமானிகள் அரை மணி நேரத்துக்கு மேல் எஞ்சினை மட்டும் கூட்டியும் குறைத்தும் வானில் வைத்திருந்தார்கள். பிறகு மலையில் மோதியது. 524 பேரில் 520 பேர் இறந்தார்கள்.

அந்தப் பழுதைச் செய்தவர்கள் கைத்தொழில் தெரியாதவர்கள் அல்லர். விமானத்தைத் தயாரித்த நிறுவனத்தின் ஆட்களே. வேலை மூடப்பட்ட பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, வரைபடத்தில் உள்ளதுதானா என்று ஒப்பிட்டுச் சொல்ல ஒரு கண் தவறிவிட்டது.

இரண்டாவது கண்

அதனால்தான் வீட்டில் விமானம் கட்டுவதை அனுமதிக்கும் நாடுகளில் மூடுவதற்கு முன் காட்டு என்கிறார்கள். அசோக்கின் கொட்டகைக்குப் பிரிட்டனின் இலகுரக விமானச் சங்கத்தின் ஆய்வாளர் ஏறத்தாழ பன்னிரண்டு முறை வந்து பார்த்ததாகச் செய்திகள் சொல்கின்றன. ஒரு கட்டம் தேறினால்தான் அடுத்த கட்டம். அமெரிக்காவில் 1953இல் தொடங்கிய சோதனை விமானச் சங்கத்தில், அனுபவமுள்ள கட்டுநர்கள் கூலி வாங்காமல் மற்றவர் பட்டறைக்குப் போய்ப் பார்த்துச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. அங்குள்ள சட்டம் இன்னொன்றும் கேட்கிறது: விமானத்தின் பெரும்பகுதியை, கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்கிற ஆளே செய்திருக்கவேண்டும். கல்வி என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது.

ஒவ்வொரு நாள் வேலையையும் தேதி போட்டு எழுதி, படம் எடுத்து வைப்பதும் கட்டாயப் பழக்கம். மூடிய வாலுக்குள் என்ன இருக்கிறது என்று பத்து ஆண்டு கழித்துக் கேட்டால் அந்தக் குறிப்பேடுதான் பதில் சொல்லும்.

இன்னொரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புயல்காற்றில் ஓர் ஆணி கழன்ற கூரைத் தகரம் எப்படிப் படபடவென்று அடித்துக்கொள்ளும்? எலிவேட்டரும் சுக்கானும் கீலில் ஆடுகிறவை என்பதால், வேகம் கூடும்போது அவையும் அப்படிப் படபடக்கக்கூடும். அந்தப் படபடப்பு சில விநாடியில் வாலையே பிய்த்துவிடும். அதைத் தடுக்க, கீலுக்கு முன்னால் ஈயக் கட்டி வைத்துச் சமன் செய்கிறார்கள். சமன் பார்ப்பது எப்போது தெரியுமா? வண்ணம் அடித்த பிறகு. பின்பக்கம் விழுந்த ஒரு பூச்சு வண்ணமே எடையை மாற்றிவிடும். பழைய விமானத்துக்கு அழகு பார்த்து மேலே மேலே வண்ணம் அடிக்கிறவர்கள் மறக்கக்கூடாத இடம் இது.

நாம் எங்கே தொடங்குவது?

கேரளாவின் தொடுபுழா பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த சஜி தாமஸ் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். காது கேளாது, வாய் பேச வராது. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. சிறுவயதில் ரப்பர் தோட்டத்துக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைப் பார்த்த ஆசையில், எலக்ட்ரிக் வேலை, போட்டோ வேலை செய்து சேர்த்த பணத்தில் பல ஆண்டு பாடுபட்டு ஓர் இலகுரக விமானம் செய்தார். நம் திருநெல்வேலிப் பக்கத்து மணிமுத்தாறில், விமானப்படையில் பணியாற்றிய ஒருவரின் உதவியோடு அது பறந்தது. கவனியுங்கள்: தானே செய்தார், ஆனால் பறக்கும்போது தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

நம் நாட்டில் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி இல்லாமல் எந்த விமானமும் பறக்கக்கூடாது. ஆகவே யாரும் நாளைக்கே தோட்டத்துத் திடலில் ஓடவிட்டுப் பார்க்கும் எண்ணத்தில் இறங்கவேண்டாம், தம்பிகளே! செய்யக்கூடியது வேறு. கிட் நிறுவனங்கள் பயிற்சித் தொகுதி என்று சின்னதாக ஒன்றை விற்கின்றன. சுக்கானின் ஒரு துண்டைச் செய்து பார்ப்பது போல இருக்கும். நான்கைந்து பேர் சேர்ந்தால் வாங்கிவிடலாம். படிவம் 5 முடித்து தொழில்திறன் கல்லூரிக்குப் போக நினைப்பவர்கள் விமானப் பராமரிப்புப் படிப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், இந்த நுணுக்க வேலையில் தங்களுக்குப் பொறுமை இருக்கிறதா என்று அதில் தெரிந்துகொள்ளலாம். படிப்புக் கட்டணத்தை விட மலிவான சோதனை.

அதுவும் வேண்டாம் என்றால், செலவே இல்லாத ஒன்று. அடுத்த வகுப்புக்குள் செய்து வாருங்கள்.

காலியான பானக் கலன் ஒன்றை எடுங்கள், அது அலுமினியம்தான். கையுறை போட்டுக்கொண்டு, கத்தரியால் ஒரே அகலத்தில் இரண்டு பட்டைகள் வெட்டுங்கள். ஓரம் விரலை அறுக்கும், கவனம். இரண்டின் ஓரங்களையும் மணல்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். மற்றதன் நடுவில் ஊசியால் குறுக்கே ஒரு கோடு கீறுங்கள். அழுத்தமாக வேண்டாம், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரிகிற அளவு போதும். இப்போது இரண்டையும் நடுவில் ஒரே மாதிரி முன்னும் பின்னும் மடக்குங்கள். எத்தனையாவது மடிப்பில் உடைகிறது என்று எண்ணுங்கள். ஒருவர் மடக்க, இன்னொருவர் எண்ணி எழுதட்டும். உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போடாமல், எண்ணிக்கையையும் பெயரையும் ஒரு தாளில் எழுதி ஒட்டிக் கொண்டு வாருங்கள். உடைந்த ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்ப்போம்.